பட்ஜெட்டுக்குள் பொருத்தமான பெண்கள் ஜீன்ஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

ஜவுளிக்கடையில் ஜீன்ஸ் கேட்டதும் வரும் முதல் கேள்வி, "இடுப்பு எத்தனைம்மா?" முப்பது என்றால் முப்பதில் நாலைந்து எடுத்துப் போடுவார்கள். ஒன்று தொடையிலேயே நின்றுவிடும். இன்னொன்று ஏறும், பட்டன் போட முடியாது. மற்றொன்று நிற்கும்போது நன்றாக இருக்கும், உட்கார்ந்தால் பின்னால் இடுப்புப் பட்டை வாயைப் பிளக்கும். கேட்ட கேள்வி தவறு, அவ்வளவுதான்.

இடுப்பைத் தையல்காரர் குறைத்துத் தருவார். நீளத்தையும் குறைத்துத் தருவார். ஆனால் சீட், அதாவது பின்பக்கம், பிடித்தால், தொடை பிடித்தால், கால் பிரியும் இடத்திலிருந்து இடுப்பு வரையான உயரம் போதாவிட்டால், அதை யாராலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. அதனால் சீட்டுக்கும் தொடைக்கும் பொருந்துவதை வாங்கி, இடுப்பையும் நீளத்தையும் தையலுக்கு விடுங்கள். அதோடு ஒரு கணக்கு. கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் ஜீன்ஸுக்கு எண்ணூறு, எண்ணூற்றைம்பதுக்கு மேல் போகாதீர்கள். மிச்சம் தையல்கூலி.

முதலில் இன்ச் டேப்

டேப் இல்லாவிட்டால் பக்கத்துத் தெரு டெய்லர் அக்காவிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை. நான்கு அளவு வேண்டும்.

இடுப்பு: ஜீன்ஸ் பட்டை எங்கே உட்கார வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்த இடத்தில். தொப்புளுக்கு மேலே எடுத்த அளவும் கீழே எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டு எடுங்கள்.

சீட்: பின்பக்கம் அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தில் சுற்றளவு. டேப் பின்னால் கீழே இறங்கிவிடாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலோர் இந்த இடத்துக்கு நாலு விரல் மேலேயே எடுத்துவிடுகிறார்கள்.

தொடை: மேல்தொடையில் தடிமனான இடம்.

உள்கால் நீளம்: கால் பிரியும் இடத்திலிருந்து கணுக்கால் எலும்பு வரை. இதை நீங்களே எடுத்தால் குனியும்போது அளவு மாறிவிடும், அம்மாவையோ தங்கையையோ எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது சீட் அளவிலிருந்து இடுப்பு அளவைக் கழித்துப் பாருங்கள். இடுப்பு 30, சீட் 40 என்றால் வித்தியாசம் பத்து. மலிவு விலை ஜீன்ஸ்கள் இவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்த்து வெட்டப்படுவதில்லை. இப்படிப்பட்டவர்கள் 30-ஐத் தேடி அலையாமல் 32, 34 என்று சீட் பொருந்தும் சைஸை எடுத்து இடுப்பைப் பிடிப்பதுதான் வழி. வித்தியாசம் ஆறு, ஏழு மட்டும் என்றால் இடுப்பு சைஸிலேயே கிடைத்துவிடும். அவர்களுக்குச் சில சமயம் ஆண்கள் பகுதியில் இருக்கும் நேர் வெட்டு ஜீன்ஸும் அழகாக உட்காரும். அங்கே பாக்கெட்டில் போன் முழுதாக நுழையும் என்பது தனி லாபம்.

டேக்கில் உள்ள 30 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 30 இன்னொரு கம்பெனியின் 32-ஆக இருக்கும். வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று அளவைக் கூட்டி எண்ணைக் குறைத்துப் போடுவது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரத் தந்திரம். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணியில் இன்னொரு குழப்பம் உண்டு. அதில் ஐரோப்பிய எண் 38, 40 என்று இருக்கும். அது இன்ச் அல்ல. அதைப் பார்த்து மிரண்டு ஒதுங்க வேண்டாம், டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

வீட்டில் இருக்கும் நல்ல பேன்ட்டை அளந்து வையுங்கள்

உங்களுக்கு ஏற்கெனவே சரியாக இருக்கும் பேன்ட் ஒன்று இருந்தால், அது தங்கை கொடுத்ததாக இருந்தாலும் சரி, தரையில் பரப்பிச் சுருக்கம் நீவி அளந்து போனில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டையின் அகலம், சீட்டில் குறுக்கே அகலம், கால் பிரியும் தையலுக்கு ஒரு இன்ச் கீழே தொடை அகலம், முன்பக்கம் கால் பிரியும் தையலிலிருந்து பட்டையின் மேல்விளிம்பு வரை உயரம், உள்கால் நீளம், பாட்டம் அகலம். அகலங்களை இரண்டால் பெருக்கினால் சுற்றளவு.

டிரையல் ரூம் இல்லாத இடத்தில் இது மிக உதவும். போச்சம்பள்ளி வாரச்சந்தையிலோ பஸ் ஸ்டாண்டு ஓரத்து விரிப்பிலோ போட்டுப் பார்க்க முடியாது. அங்கே ஜீன்ஸை மடித்துக் கழுத்தைச் சுற்றிப் பார்ப்பவர்களைக் கண்டிருப்பீர்கள். பட்டையின் இரண்டு முனையும் பின்கழுத்தில் தொட்டால் இடுப்புக்குச் சரி என்பது கணக்கு. அதிலும் இடுப்பைப் பற்றித்தான் ஏதோ தெரியும், சீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கைப்பையில் இன்ச் டேப் போட்டுக்கொண்டு போவது மேல்.

துணியைப் படிப்பது

டெனிமில் பாவு நூல் நீலச் சாயம் தோய்த்தது, ஊடை நூல் வெள்ளை. உள்பக்கம் வெளுப்பாகத் தெரிவது அதனால்தான். ஸ்ட்ரெச் ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற இழுபடும் நூலைப் பெரும்பாலும் ஊடையில் சேர்க்கிறார்கள். ஆகவே அது அகலவாக்கில் இழுபடும், நீளவாக்கில் இழுபடாது. "ஸ்ட்ரெச் தான்மா, போடப் போடச் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொல்வது தொடைக்கும் சீட்டுக்கும் ஓரளவு உண்மை. உயரம் போதாமல் பின்னால் இறங்கும் ஜீன்ஸுக்கு அது ஒருநாளும் உண்மையாகாது.

உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். பருத்தி 98, எலாஸ்டேன் 2 என்றால் அன்றாடத்துக்கு நல்லது. நூறு சதவீதப் பருத்தி நீடித்து உழைக்கும், ஆனால் விட்டுக்கொடுக்காது, சீட்டில் ஒரு இன்ச்சாவது கூடுதலாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் நிறையக் கலந்தது விலை குறைவு, சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சித்திரை வெயிலில் நாலு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரியும். ஓசூர், தளி பக்கம் குளிர்ச்சி என்பதால் அவர்கள் கொஞ்சம் தாங்குவார்கள்.

லேபிள் இல்லாத ஜீன்ஸை எப்படிச் சோதிப்பது? தொடைப் பகுதியை இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துப் பத்து எண்ணி விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. அந்த இடம் அலைஅலையாக நின்றால், இரண்டு வாரத்தில் முழங்காலில் பை தொங்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் ஒரு தேய்ப்பு தேயுங்கள். கருநீலம் கொஞ்சம் ஒட்டுவது இயல்பு. கைக்குட்டையே நீலமானால் உங்கள் வெள்ளைக் குர்த்தியும் நீலமாகும்.

கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். 8 முதல் 10 வரை இலகு, எண் கூடக் கூடக் கனம். மலிவுக் கடையில் யாரும் இதை எழுதிவைப்பதில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியது வேண்டாம், உள்தொடையில் சீக்கிரம் தேயும்.

எந்த வெட்டு

மிட் ரைஸ், ஹை ரைஸ், லோ ரைஸ் என்பவை கால் பிரியும் தையலிலிருந்து பட்டை வரை உள்ள உயரத்தைக் குறிக்கும். முன்பக்கம் ஏழு, எட்டு இன்ச் என்றால் லோ, ஒன்பதை ஒட்டினால் மிட், பத்துக்கு மேல் ஹை. பட்ஜெட்டில் வாங்குபவர்கள் லோ ரைஸை மறந்துவிடுங்கள் என்பது என் கருத்து. ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் இறங்கும், குர்த்தியை இழுத்து இழுத்து விட வேண்டும், பெல்ட்டுக்குத் தனிச்செலவு. பிரசவத்துக்குப் பின் வயிறு கொஞ்சம் தளர்ந்திருப்பவர்களுக்கு அகலப் பட்டை வைத்த ஹை ரைஸ் வசதி. சிசேரியன் தழும்பு உள்ளவர்கள், பட்டையின் கீழ்விளிம்போ ஜிப்பின் அடிமுனையோ அதன்மேல் உரசுகிறதா என்று போட்டுப் பார்க்கும்போதே கவனியுங்கள்.

உயரம் ஐந்தடி, அதற்குச் சற்று மேல் என்றால் ஆங்கிள் லென்த், அதாவது கணுக்கால் நீளம், என்று விற்பதை எடுங்கள். உங்களுக்கு அது முழுநீளமாகவே வரும், தையல்கூலி மிச்சம். முழங்காலுக்குக் கீழே விரியும் பூட்கட்டை மட்டும் யோசித்து வாங்குங்கள். கீழே நான்கு இன்ச் வெட்டினால் விரிவே போய்விடும். ஸ்ட்ரெய்ட் வெட்டு எவ்வளவு குறைத்தாலும் அதே சாயலில் இருக்கும். முதல் ஜீன்ஸ் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது கருநீலம், ஸ்ட்ரெய்ட், மிட் அல்லது ஹை ரைஸ். கிழித்த டிசைனுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். வீட்டில் பாட்டி ஊசிநூலோடு வந்து தைத்துவிடுவார் என்ற ஆபத்தும் இருக்கிறது.

எங்கே போவது

உள்ளூர் ஜவுளிக்கடையை லேசாக எண்ண வேண்டாம். அங்கே கிடைக்கும் பெயர் தெரியாத ஜீன்ஸ் பலவும் கர்நாடகத்தின் பல்லாரியில் தைக்கப்பட்டவை. அந்த ஊரில் ஜீன்ஸ் தையல் பெரிய தொழில். தரம் ஒரே சீராக இருக்காது என்றாலும் நல்லது கிடைத்தால் கொடுத்த விலையைவிடப் பெறுமானம் மிக அதிகம். தெரிந்த கடை என்றால் மாற்றித் தருவதிலும் சிக்கல் இல்லை.

ஜூடியோ, மேக்ஸ், டிரெண்ட்ஸ் மாதிரிக் கடைகளில் பெரிய வசதி, பத்து உருப்படியை அள்ளிக்கொண்டு போய் யாருடைய முகத்தையும் பார்க்காமல் போட்டுப் பார்க்கலாம். சைஸ் வரிசையாகக் கிடைக்கும். ஜூடியோவில் பெரும்பாலான துணி ஆயிரத்துக்குள் முடியும். சனி, ஞாயிறு மாலை டிரையல் ரூம் வரிசையில் நிற்க வேண்டும், வாரநாளில் பகல் வேளை நல்லது. சாப்பிட்ட பிறகு போங்கள், காலை வெறும் வயிற்றில் சரியாக இருப்பது மதியம் அழுத்தும்.

பெங்களூருக்குப் போனால் அள்ளலாம் என்பார்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், அங்கே இருப்பவர்களுக்குக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நாள் சுற்றுவது லாபமாகலாம். தர்மபுரியிலிருந்து ஒரே ஒரு ஜீன்ஸுக்காகப் போனால் பஸ் காசும் சாப்பாடும் சேர்ந்து தள்ளுபடியைத் தின்றுவிடும். திருப்பூர் காதர்பேட்டைக்குப் போவதாக இருந்தால் டி-ஷர்ட்டுக்கும் லெக்கிங்ஸுக்கும் போங்கள். அது பின்னலாடை ஊர், ஜீன்ஸ் அதன் பலம் இல்லை.

ஆடித் தள்ளுபடி பயன்படுத்த வேண்டிய காலம்தான், முதல் வாரத்திலேயே போனால். ஆடிப் பதினெட்டு முடிந்து போனால் 26-ம் 38-ம் தான் மிஞ்சியிருக்கும். பழைய எம்ஆர்பி ஸ்டிக்கரின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி ஐம்பது சதவீதம் கழித்தால் அதில் தள்ளுபடி ஏதுமில்லை, நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு வரி 5 சதவீதம், முன்பு ஆயிரத்தைத் தாண்டினாலே 12 சதவீதமாக இருந்தது.

டிரையல் ரூமில் என்ன செய்வது

குட்டையான டாப் போட்டுக்கொண்டு போங்கள். நீளக் குர்த்தியோடு போனால் பட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றே தெரியாது. வழக்கமாக அணியும் செருப்பும் காலில் இருக்கட்டும். சீட்டுக்குப் பொருந்தும் என்று நினைக்கும் சைஸ் ஒன்று, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, ஆக மூன்றை எடுத்துச் செல்லுங்கள்.

போட்டதும் கண்ணாடியில் அழகு பார்ப்பதற்கு முன் சுருக்கங்களைப் பாருங்கள். ஜிப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பூனைமீசை போலக் கோடுகள் விரிந்தால் சீட்டோ தொடையோ இறுக்கம். பக்கவாட்டுப் பாக்கெட் தானாக வாய் திறந்து நின்றால் சீட் போதவில்லை. பின்பக்கம் சீட்டுக்குக் கீழே குறுக்கு மடிப்புகள் அடுக்காக விழுந்தால் துணி அங்கே கூடுதல். கால் பிரியும் இடம் கீழே தொங்கினால் உயரம் கூடுதல், உள்ளே வெட்டினால் குறைவு. இறுக்கத்துக்கு ஒரு சைஸ் மேலே போங்கள். உயரம் சரியில்லை என்றால் சைஸை மாற்றிப் பயனில்லை, வேறு மாடல்தான்.

பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். முழு முஷ்டியே போனால் தையல்காரருக்கு வேலை. ஸ்ட்ரெச் ஜீன்ஸ் என்றால் முதலில் கொஞ்சம் கச்சிதமாக இருப்பதையே எடுங்கள், சில மணி நேரத்தில் அரை இன்ச்சாவது தளரும். நூறு சதவீதப் பருத்தியில் இந்தக் கணக்கு ஓடாது.

அப்புறம் அசைந்து பாருங்கள். கோலம் போட உட்காருவது போலக் குந்துங்கள். பின்னால் கையை வைத்துப் பட்டை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு விரல் அளவுக்குப் பரவாயில்லை, உள்ளாடை தெரிந்தால் வேண்டாம். டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏறுவது போல முழங்காலைத் தூக்குங்கள், தொடையில் தடுத்தால் அடுத்த சைஸ். ஸ்டூல் இருந்தால் ஒரு நிமிடம் உட்கார்ந்து மூச்சு விடுங்கள். ஓசூர், கெலமங்கலம் பக்கம் கம்பெனிகளில் எட்டு மணி நேரம் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு நிமிடம் மிக முக்கியம்.

கழற்றிய பிறகு குறை பாருங்கள். காலை நீளமாக மடித்துப் பிடித்தால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே அது முன்பக்கம் திரும்பினால் துணி முறுக்கோடு வெட்டப்பட்டது, துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஜிப் ரன்னரைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். இரண்டு காலும் ஒரே நிறமா என்று வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், கடை விளக்கில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

ஆன்லைனில் வாங்கினால்

சைஸ் சார்ட்டில் தரப்பட்டிருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் வேறு. துணி அளவு என்றால் நீங்கள் அளந்து வைத்த பேன்ட்டோடு ஒப்பிடுங்கள், உடம்பு அளவு என்றால் உங்கள் சீட்டோடு. சார்ட்டில் இடுப்பு மட்டும் போட்டு சீட் போடாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. மாடலின் படத்தைவிட வாங்கியவர்கள் போட்ட படங்கள் பயன்படும், அவர்கள் உயரமும் எடையும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

பென்னாகரம், அஞ்செட்டி, தளி பக்கக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆர்டர் போடும் முன் உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் எடுக்க வருவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்து கொடுப்பவர் திரும்ப எடுக்கவும் வருவார் என்று நினைத்துவிட வேண்டாம். வசதி இருந்தால் இரண்டு சைஸ் ஆர்டர் செய்து ஒன்றைத் திருப்பிவிடலாம். டேக்கை வெட்டாமல், பவுடர், சென்ட் படாமல் போட்டுப் பாருங்கள்.

கடையில் வாங்கினால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் அளவு பிடிக்கவில்லை என்பது குறையில் சேராது, அதற்குக் கடைக்காரரின் மனசுதான்.

தையலுக்குக் கொடுக்கும் முன்

ஒரு முறை துவைத்துவிடுங்கள், பருத்தி கூடுதலான ஜீன்ஸ் என்றால் இரண்டு முறை. கணுக்காலுக்குச் சரியாக வெட்டிய பிறகு துவைத்து ஒரு இன்ச் சுருங்கினால் ஒட்டவா முடியும்? உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், தனியாக, நிழலில் காய வைத்து. நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், சோப்பு நுரைக்காமல் துணியில் படிந்து விறைக்கும். லிக்விட் போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும்.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை

ஜீன்ஸ் ஆல்டர் செய்து பழகியவரிடம் கொடுங்கள். பிளவுஸ் நன்றாகத் தைப்பவர் எல்லாம் இதைச் செய்ய மாட்டார், மெஷினும் ஊசியும் வேறு. 16 அல்லது 18 நம்பர் ஊசி, தடித்த பொன்னிற நூல் இருக்கிறதா என்று கேளுங்கள். கூலியையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இடுப்பைக் குறைக்கும்போது "பட்டையைப் பிரித்து, நடுப்பின் தையலில் பிடித்துத் தையுங்கள்" என்று சொல்லுங்கள். பட்டையைப் பிரிக்காமல் மேலோடு பிடித்துத் தைத்தால் பின்னால் கூம்பு மாதிரி நிற்கும், உட்கார்ந்தால் முதுகில் குத்தும். இப்படி ஒன்றரை, இரண்டு இன்ச் வரை குறைக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டு விகாரமாகும். அப்படிப்பட்ட நிலையில் இரண்டு பக்கமும் சின்ன டார்ட் (கூம்பாகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) போடச் சொல்லலாம், கூலி கூடும்.

கால் லூஸ் என்றால் வெளிப்பக்கத் தையலில் பிடிப்பது சுலபம். பெரும்பாலான ஜீன்ஸில் உள்பக்கத் தையல் மடித்து மேலே இரட்டையாக ஓடியிருக்கும், வெளிப்பக்கம் ஓவர்லாக்கோடு சாதாரணத் தையல். முழங்காலிலிருந்து கீழே மட்டும் பிடித்தாலே பல ஜீன்ஸ் எடுப்பாகிவிடும். சீட்டைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், உள்ளே விட்டுவைத்த துணி அரை இன்ச் கூட இருக்காது.

நீளத்துக்கு, செருப்போடு நின்று குதிகால் பக்கம் ஊசி குத்திக் குறியுங்கள். "ஒரிஜினல் மடிப்பை வைத்தே குறையுங்கள்" என்றால் கீழ்விளிம்பின் வெளுத்த சாயல் அப்படியே இருக்கும். இதில் வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்தும் தருவார்கள், வளரும் பிள்ளைகளுக்கு அது நல்லது, பின்னால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டினால் அந்தத் துண்டை விடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். ஸ்கூட்டி ஓட்டுபவர்களுக்கு ஜீன்ஸ் முதலில் தேய்வது உள்தொடையில்தான், அங்கே உள்பக்கமாக வைத்துத் தைக்க அதே சாயத்தில் துணி வேறெங்கும் கிடைக்காது.